ஆழ்ந்த இரங்கலும் ஐந்து நட்சத்திரமும்

பல் டாக்டரின் மாமனார் வாயிலிருந்து பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததும் ஒரு ரொட்டித் துண்டோடு போய்ச் சேர்ந்த பிறகு, முழு செட் கட்டிக்கொள்வதென்று அவர் முடிவுக்கு வந்தார். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது என்ன கவலை என்று கேட்கலாம். கவலையே அதுதான். வீட்டில் இரண்டு டாக்டர்கள். பெரிய மகளைக் கட்டியவர் நம்மவர். சின்ன மகளைக் கட்டிய சகலையும் பல் டாக்டர். இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு வாய்.

மாமனார் கணக்குத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயால் சொல்வது எதையும் நம்பமாட்டார், எழுத்தில் வேண்டும். "ரெண்டு பேரைப் பத்தியும் நெட்ல ஜனங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கப் போறேன். படிச்சிட்டு முடிவு பண்றேன்" என்று மகள்களிடம் சொல்லிவிட்டார்.

"எங்கப்பா வாய் அவ வீட்டுக்காரர் கைக்குப் போச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன்?" என்று டாக்டரின் மனைவி கேட்டாள்.

டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். சகலையின் கிளினிக்குக்கு நட்சத்திரம் நாலே முக்கால். தன்னுடையதற்கு நாலரை. அந்தக் கால் நட்சத்திரம் அவர் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

இணையத்தில் நல்ல பேர் வாங்கித் தரும் ஆலோசகர் ஒருவர் வந்தது இப்படித்தான். அவருடைய அட்டையில் 'நற்பெயர்ச் சிற்பி' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. காலில் பளபளப்பான ஷூ, கையில் அதைவிடப் பளபளப்பான கணினி.

"டாக்டர், நீங்க எல்லாரோட பல்லையும் பாக்கறீங்க. உங்களை யாரு பாக்கறா?" என்று ஆரம்பித்தார்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக யாரும் அவரைப் பார்த்து இதைக் கேட்டதில்லை.

ஏற்பாடு எளிமையானது. கிளினிக்கைப் பற்றி இணையத்தில் எவர் எதை எழுதினாலும் ஆலோசகரின் மென்பொருள் மோப்பம் பிடித்துவிடும். தப்பான வார்த்தை கண்ணில் பட்டால் டாக்டரின் போனில் சிவப்பு விளக்கு எரியும். பதிலையும் அதுவே எழுதி வைக்கும். டாக்டர் 'சரி' என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஆனால் உடனே அமுக்க வேண்டும். "மாரடைப்பு மாதிரிதான் டாக்டர். முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம்" என்றார் ஆலோசகர்.

வேலை ஜோராக நடந்தது. காத்திருக்கும் அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். 'காற்றோட்டம் குறித்த தங்களின் மேலான சிந்தனை எங்களை நெகிழச் செய்தது' என்று தொடங்கி நான்கு பத்தியில் பதில் போனது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கூடவே புதுப் பாராட்டுகளும் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் டாக்டரின் கை பஞ்சு போல இருந்தது. இவர்களெல்லாம் எப்போது வந்தார்கள் என்று அவருக்கு நினைவில்லை. நோயாளியின் முகத்தை யார் பார்க்கிறார்கள், வாயைத்தானே பார்க்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். கடைவாய்ப் பல், வேர் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று போன இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார்களாம். நம் டாக்டர் பந்தா பேர்வழிதான், ஆனால் கருவியைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆள். குனிந்தவர் நிமிரவில்லை. மெல்ல மெல்ல அந்த வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே மூடியும் போட்டுப் பல்லைக் காப்பாற்றிவிட்டார்.

டிரைவரின் மகன் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினான்: 'டிப்போல பஸ் டிரைவரா இருக்கற எங்க அப்பாவுக்குக் கடைவாய்ப் பல். எல்லாரும் பயமுறுத்தினாங்க. இவர் கை வச்சார். கொன்னுட்டாரு!!!'

பாட்டுப் பாடினாலும் கொன்னுட்டான், பந்தை அடித்தாலும் கொன்னுட்டான் என்பது வயசுப் பிள்ளைகள் வாய்விட்டுப் பாராட்டும் விதம். மென்பொருளுக்கு அகராதி தெரியும், வயசுப் பிள்ளைகளைத் தெரியாது. அப்பா, கை வச்சார், கொன்னுட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

டாக்டரின் இரண்டு கைகளும் ஒரு அம்மாளின் வாய்க்குள் இருந்தன. பொன்னான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கையால் 'சரி'யை அமுக்கினார். பதில் ஊருக்குள் போய்விட்டது:

'தங்கள் தந்தையாரின் மறைவு எங்களை மீளாத் துயரில் ஆழ்த்தியுள்ளது. தமது இறுதி சிகிச்சைக்கு எங்களைத் தேர்ந்தெடுத்த அன்னாருக்கு நன்றி. தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். குடும்பத்துடன் மீண்டும் வருக!'

மறுநாள் காலையில் போன் வந்தது. "டாக்டர், நான்தான் பேசறேன்."

"நீங்க யாரு?"

"நீங்க ஆழ்ந்த இரங்கல் சொன்னீங்களே, அந்த ஆளு. டிப்போல எனக்காக எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தினாங்க. யாருக்குன்னு தெரியாம நானும் கூட நின்னேன்."

டாக்டர் பக்கத்தைத் திறந்து படித்தார். ஆலோசகரைக் கூப்பிட்டார்.

"அஞ்சு ஸ்டார் போட்டிருக்கான்யா! அதுகூடவா உன் மிஷினுக்குத் தெரியாது?"

"துக்கத்துல இருக்கறவங்க விரல் எங்க வேணா படும் டாக்டர். அதை விடுங்க. ஆயிரக்கணக்கான பேர் பாத்திருக்காங்க, தெரியுமா? இந்த மாதிரி வீச்சு யாருக்குக் கிடைக்கும்?"

"அதை முதல்ல சரிபண்ணு!"

சரிபண்ணினார். பழைய பதிலுக்குக் கீழே புதியது ஒன்று முளைத்தது: 'மேற்கண்ட மறைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

சகலையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எழுத்து எதுவும் இல்லை, கூப்பிய கை மட்டும். அதற்குப் பின்னால் மனைவியின் போன்.

"என்னங்க, அப்பா எல்லாத்தையும் படிச்சிட்டார். டிப்போல விசாரிச்சு அந்த டிரைவர் வீட்டுக்கே துக்கம் கேக்கப் போயிட்டார். போச்சு, எல்லாம் போச்சு!"

அன்று முழுக்க டாக்டர் யாருடைய பல்லையும் பிடுங்கவில்லை.

சாயங்காலம் மாமனார் கிளினிக்குக்கே வந்தார். நோயாளி நாற்காலியில் உட்காராமல் டாக்டரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் இல்லாததால் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன, ஆனால் தணிக்கைக் குரல் அப்படியே இருந்தது.

"போனேன், மாப்பிள்ளை. செத்தவரே வந்து கதவைத் திறந்தார்."

"மாமா, அது வந்து..."

"இருங்க. வாயைத் திறங்கன்னேன். திறந்தார். டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு முழு கேரட்டைக் கடகடன்னு கடிச்சுக் காட்டினார். வேலை சுத்தமா இருக்கு."

டாக்டரின் மார்பு விரிந்தது.

"வீட்டுக்கு வந்து மத்ததையும் படிச்சேன். 'டாக்டரின் கை பஞ்சு போல. வளியே தெரியவில்லை.' சின்ன மாப்பிள்ளை பக்கத்துலயும் அதே பஞ்சு, அதே வளி. சின்ன லி போடவேண்டிய இடத்துல ரெண்டு பேருக்கும் பெரிய ளி. வளின்னா காத்து, மாப்பிள்ளை. உங்க ரெண்டு கிளினிக்லயும் காத்து வரலைன்னு அம்பது பேர் பாராட்டியிருக்காங்க."

விரிந்த மார்பு பழைய அளவுக்கு வந்தது. ஒரே சிற்பிதான் சகலையையும் செதுக்கிக்கொண்டிருக்கிறார் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு கணக்கையும் ஒரே ஆளு எழுதியிருக்கான். இதை வச்சு ஒருத்தரைக் கழிக்க முடியாது. எனக்குப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். அதனால மேல் வரிசை சின்ன மாப்பிள்ளை. கீழ் வரிசை நீங்க."

"மாமா! உலகத்துல யாரும் அப்படிக் கட்டிக்கறதில்லை. மேலயும் கீழயும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி உக்காரணும்."

"உக்காரணும்ல? ரெண்டு பேரும் பேசி உக்கார வைங்க."

டாக்டர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "சிரிச்சா வெளியே தெரியறது மேல் வரிசைதானே, மாமா?"

"தெரியும். கீழ் செட் நிக்காது, வழுக்கும், கட்டறது கஷ்டம்னு சின்னவரே சொன்னார். அந்த டிரைவர் வாயைப் பாத்தப்புறம்தான் அதை உங்ககிட்ட விடலாம்னு தோணுச்சு. எனக்குச் சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? சாப்பிடணும்."

இதை யாராவது எழுதிப் போட்டால் எத்தனை நட்சத்திரம் வரும் என்று டாக்டர் ஒரு கணம் யோசித்தார். யோசித்ததற்காக வெட்கப்பட்டு எழுந்து கை கழுவினார்.

அளவெடுக்கும் நாளில் சகலை தன் பெட்டியோடு வந்தார். இருவரும் வாசலில் சிரித்துக்கொண்டார்கள், பல் தெரியாமல்.

"அந்த ஆளு உங்ககிட்டயும் 'உங்களை யாரு பாக்கறா'ன்னு கேட்டானா, சகலை?" என்றார் சின்னவர்.

"கேட்டான்."

"நான் அழுதுட்டேன்."

"நானும்தான், சகலை."

பிறகு வேலையில் இறங்கினார்கள். அச்செடுக்கும் பசை தண்ணியாக இருக்கிறது என்றார் சின்னவர், இருக்கட்டும் என்றார் பெரியவர். தாடையை இப்படித் திருப்பலாம் என்றார் பெரியவர், அப்படித்தான் திருப்பணும் என்றார் சின்னவர். வாய் நிறையப் பசையோடு மாமனார் விரலை உயர்த்தி ஏதோ திருத்தம் சொல்ல முயன்றார்.

"பேசாதீங்க மாமா!" என்றார்கள் இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே குரலில்.