முன்வாசல் வழியாக

ஸ்ட்ரெச்சர் மூன்றாவது தடவையும் படி வளைவில் முட்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாரு," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர், கீழே இருந்து.

"இதுக்கு மேல எங்க சாய்க்கிறது?" என்றான் மேலே பிடித்திருந்தவன்.

வெறும் ஸ்ட்ரெச்சர்தான். அவள் கணவர் இன்னும் மேலே கட்டிலில் இருந்தார். காலியாகவே மேலே வராததில் ஆளை வைத்து எப்படி இறக்கப் போகிறார்கள் என்று கோபுர அறை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைமேல் கோட்டை மாதிரி கட்டிய ஓட்டல் அது. அகழி, தொங்குபாலம், வாசலில் தகரக் கவசம் மாட்டிய இரண்டு காவலர்கள். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்கு மகள் ஏற்பாடு செய்த மூன்று நாள். இருப்பதிலேயே நல்ல அறை என்று கோபுர அறையைப் பிடித்திருந்தாள். ஐம்பத்தெட்டுப் படி.

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷனை லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பாரா? நேற்று ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். "இந்த மூலையில ஒண்ணு போட்டிருக்கலாம். இடமா இல்ல?" பத்துப் படிக்கு ஒருமுறை நின்று ஒரு குறை. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

காலையில் ஒரு காலில் சாக்ஸை மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே கருங்கல் சுவரை விரலால் தட்டினார்.

"இது கோட்டை இல்ல, அட்டை. வந்து தட்டிப் பாரு."

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன், புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு அவள் தலை வாரக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள்.

அடிவாரத்திலிருந்து டாக்டர் வந்து, இதயம் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

மகள் மறுபடியும் போன் செய்தாள். விசும்பலுக்கு நடுவே, "நான்தாம்மா உங்களை அங்க அனுப்பினேன்," என்றாள்.

"அழாதே. கிளம்பி வீட்டுக்கு வந்துடு. நாங்க வந்துடறோம்." நாங்க என்று சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"அப்பா கடைசியா என்ன பேசினார்?"

"கோட்டையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தார்."

"பிடிச்சிருந்துதா அவருக்கு?"

"ம். சிக்னல் சரியா இல்ல. வச்சுடறேன்."

மேனேஜர் சிவப்பு வெல்வெட் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கையில் ஒரு காகிதம். "சாரி மேடம், இதை மட்டும் நிரப்பிட்டீங்கன்னா..." முன்கூட்டியே காலி செய்வதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, தங்கியது எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள். அவள் மேனேஜர் முகத்தையே பார்த்தாள். அவர் காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"ஸ்ட்ரெச்சர் வராது மேடம். நாற்காலியில வச்சுத்தான் இறக்கணும். ராஜா நாற்காலி ஒண்ணு இருக்கு, கைப்பிடி எல்லாம் வச்சு..."

"சாதா நாற்காலி இல்லையா உங்ககிட்ட?"

சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தூக்குவதற்குக் காவலர்கள் இரண்டு பேரும் சலசலவென்று ஏறி வந்தார்கள்.

"அந்தத் தகரத்தைக் கழட்டி வச்சுட்டுத் தூக்குங்க," என்றாள்.

கழற்றினார்கள். உள்ளே சாயம் போன டீ ஷர்ட், வியர்வை. அவரைப் போர்வையால் சுற்றி, இன்னொரு போர்வையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். அவள் குனிந்து இன்னொரு காலுக்கும் சாக்ஸை மாட்டிவிட்டாள்.

"பின்பக்கமாப் போயிடலாம் மேடம். முன்னால ஹால்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க," என்றார் மேனேஜர்.

"பின்பக்கம் என்ன இருக்கு?"

"பாத்திரம் கழுவற இடம். குப்பை வண்டி நிக்கும். வழி அகலமாத்தான் இருக்கும்."

"எந்த வாசல் வழியா வந்தாரோ அந்த வாசல் வழியாத்தான் போவார்."

"கெஸ்ட் எல்லாம் சங்கடப்படுவாங்க."

"படட்டும்."

ஐம்பத்தெட்டுப் படியும் அவள் முன்னால் இறங்கினாள், பின்பக்கமாகத் திரும்பி, அவர் முழங்காலைப் பிடித்தபடி. ஹாலில் எல்லார் தலையிலும் ஓட்டல் கொடுத்த காகிதக் கிரீடம் இருந்தது. ஸ்பூன் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. ஓரத்து மேசையில் ஒரு பெரியவர் எழுந்து கிரீடத்தை எடுத்து மேசையில் வைத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

ஆம்புலன்ஸில் அவரைப் படுக்க வைத்து, வார் போட்டு இறுக்கினார்கள். அவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

"சைரன் போடட்டுமா அம்மா? ரோட்டுல வழி விடுவாங்க," என்றார் டிரைவர்.

"எதுக்கு? மெதுவாவே போங்க. மலை இறங்கும்போது அவருக்குக் குமட்டும்."

டிரைவர் கண்ணாடியில் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அவர் தோள் சரியாமல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வண்டி நேரானதும் எடுத்தாள்.