மூன்றாவது சுற்று

...அதெப்படி காப்பியில் இவ்வளவு இனிப்பு, கல்யாணமான நாளிலிருந்து நமக்குக் கஷாயம் மாதிரி நீட்டுகிறவள் சர்வோவின் கிளாஸில் மட்டும் கை கூசாமல் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறாளே, என்று நாக்கைச் சப்புக்கொட்டியபடி வகிமான், வெட்டப்போகும் கிளையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் சுற்றினான். சர்வோ குடித்த மீதிதான் அது. ஏறுகிறவன் முதல் பாதி, கீழே கயிறு பிடிக்கிறவன் மறு பாதி, ஒரே கிளாஸ், அதைக் குடிக்காமல் ஜாவாவில் இந்த க்லாத்தென் ஊர்ப் பக்கத்தில் எவனும் மரத்தில் கால் வைப்பதில்லை, ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் அல்லவா. தினமும் கடைக் காப்பிதான், இன்று துமினி தானே போட்டு எடுத்துவந்து நிற்கிறாள், எதற்காம்? புருஷன் கயிறு பிடிக்கிற அழகைப் பார்க்கவா? "பாத்து ஏறுங்க காங், வழுக்கப் போவுது" என்று சர்வோவிடம் சொன்னாளே, காங், ஆம்பிளைகளை மரியாதையாக அழைக்கிற சொல்தான், என்னைக் கூப்பிடுகிற அதே காங், ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது, இருக்கட்டும், அந்த இழுவை எனக்கென்று அல்லவா நினைத்திருந்தேன்... எல்லாரும் அண்ணாந்து அவனைத்தான் பார்க்கிறார்கள், கிளை ஓட்டில் விழாமல் பூப்போல இறங்கினாலும் பேர் அவனுக்குத்தான், கீழே நிற்கிறவன் என்ன, முளைக்குச்சியா? வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, அதில் என்ன ஒளிவு மறைவு.

மேலே மெஷின் ரம்பம் உறுமியது. ஹார்த்தி டீச்சர் வீட்டுக் கூரைமேல் படுத்திருந்த தூங்குமூஞ்சி மரக்கிளை முனகியது, அப்போதுதான் கண்ணில் பட்டது, அடிமரத்தில் கயிறு இரண்டே சுற்று, இந்தப் பருமனுக்கு மூன்று வேண்டுமே, மூன்றாவது எங்கே... கத்த வாய் திறப்பதற்குள் கிளை முறிந்தது, கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது, மேலே மரத்தோடு கட்டுண்டு கிடக்கும் சர்வோவால் நகரக்கூட முடியாது, வெட்டுமுனை அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது, வகிமான் வேரில் காலை உதைத்து மல்லாக்கச் சாய்ந்தான். நின்றது. ஓட்டுக்குச் சாண் உயரத்தில் இலைகள் மட்டும் ஆடின.

"என்னா காங், தூக்கமா?" மேலிருந்து சர்வோ சிரித்தான். "உங்க பாதியில சக்கர இருந்துச்சா? என் பாதி வேப்பங்கொழுந்து! உங்க வீட்டம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்?"

கிளை மெல்லத் தரை தொட்டது. கசப்பா... கலக்காத சர்க்கரை அடியில்தானே கிடக்கும், அடிப்பாதி யாருக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்தேதான் கலக்காமல் விட்டாளா, இல்லை அவசரத்தில் மறந்தாளா? துமினி முகம் வெளுத்து ஓடிவந்தாள். "கையக் காட்டுங்க காங்." அதே இழுவை. அவன் விரல்களை இறுக மூடிக்கொண்டான். மூன்றாவது சுற்றைச் சுற்ற மறந்துதான் போனேன், என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, அவள் கேட்கவே இல்லையே... மறந்துதானே போனேன்?