பக்கத்து வீட்டுக் கஞ்சி

சொர்ணத்துக்கு மனசு நல்ல மனசு. புத்திதான் கொஞ்சம் பின்னால் வரும். இல்லாவிட்டால் அப்படி ஒரு சாயங்காலத்தில், அப்படி ஒரு வீட்டு வாசலில், மூடி போட்ட தூக்குச்சட்டியோடு போய் நிற்பாளா?

எண்பத்தாறாம் வருஷத்து டிசம்பர் அது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று ஓட்டு வீடுகளின் சந்துபொந்தெல்லாம் புகுந்து ஆளை நடுக்கியது. முந்தின நாளிலிருந்து விடாத மழை. அம்பத்தூரில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் ஊறிப்போன சுவர் இடிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று மத்தியானம் சேதி வந்தது. சொர்ணத்தின் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த அந்தோணிராஜ் அங்கேதான் மோல்டிங் வேலை பார்த்தான். யார் மாட்டியது, யார் தப்பியது, ஒன்றும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துப்போன சொர்ணத்தின் புருஷன் தங்கவேலும் இன்னும் திரும்பவில்லை.

அந்தோணிராஜின் மனைவி ஞானகுமாரி விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். போன வைகாசியில்தான் கல்யாணமாகி வந்த பெண். வாசலில் அந்தோணிராஜ் ஆசையாகக் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார் நனைந்து, காகிதமெல்லாம் உரிந்து, குச்சி தெரிய ஆடிக்கொண்டிருந்தது. அடுப்புப் பற்றவைத்த அடையாளமே இல்லை. சொர்ணம் எட்டி எட்டிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும், வெறும் வயிறென்றால் சம்மணம் போட்டே உட்காரும் என்பது சொர்ணத்தின் கட்சி. அதற்கு அவளிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு. நொய்யை வாசம் வர வறுத்து, பூண்டும் சீரகமும் வெந்தயமும் போட்டுக் குழையக் குழைய வைத்த கஞ்சி. மகள் பரீட்சைக்குப் பயந்து அழுதபோதும் அதுதான், தங்கவேலுக்கு வேலை போன மாசத்திலும் அதுதான். ஊருக்கெல்லாம் கேட்கிற மருந்து இந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்காதா என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞானகுமாரி தலை நிமிர்ந்தாள். முதலில் சொர்ணத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சோறு எதுக்குக்கா எட்தாந்த?"

"கஞ்சிம்மா..."

"அதான் எதுக்கு? தங்கவேலு அண்ணன் வந்துட்டாரா? இன்னா சொன்னாரு? சொல்லுக்கா!"

அப்போதுதான் சொர்ணத்துக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் பொங்கி எடுத்துவந்து போடுவார்கள். வேதக்கார வீடானாலும் அதில் மாற்றமில்லை. அடுப்பெரியாத வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி சட்டியோடு நின்றால் அந்தப் பெண் வேறென்ன நினைப்பாள்? அடிப் பாவி, தாலி அறுக்கவா வந்தாய் என்று தன்னைத் தானே வைதுகொண்டாள்.

ஆனால் பொய் மட்டும் அவளுக்கு உடனே வந்தது.

"ஐய, உனுக்கா எட்தாந்தேன்? எங்க ஊட்டு ஸ்டவ்வு திரி கருகிப்பூட்சு. கஞ்சி பாதி வேக்காட்டுல கீது. உங்க ஊட்டு அடுப்புல வெச்சுக்கலாமான்னு வந்தேன். உங்க அண்ணன் நனைஞ்சுகினு வருமே, சூடா குடுக்க வாணாமா?"

மூடியைத் திறந்ததும் பூண்டு வாசனையோடு ஆவி குப்பென்று கிளம்பியது. நொய் மலர்ந்து குழைந்து கிடந்தது. பாதி வேக்காடாம்! ஞானகுமாரி அதைப் பார்த்தாள். பார்த்தும் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

சொர்ணம் விளக்கைப் போட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். கஞ்சியை அந்த வீட்டுச் சட்டியிலேயே ஊற்றினாள். "தண்ணியா கீது பாரு, உங்க நொய்யி ஒரு பிடி போடு" என்றாள். ஞானகுமாரி டப்பாவைத் திறந்து போட்டு, வேகும்வரை கிளறினாள். "ஆச்சா? இப்ப இது உங்க ஊட்டுக் கஞ்சி. குந்தி துன்னு" என்று சொர்ணம் அதட்டிய பிறகுதான் தட்டில் வாங்கிக்கொண்டாள்.

முதல் வாயை வாசலைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். நாலாவது வாய்க்குப் பார்வை தட்டுக்கு வந்தது. தட்டு பாதி காலியானபோது பேச்சு வந்தது.

"அவுருக்குப் பூண்டே ஆவாதுக்கா. பொறுக்கிப் பொறுக்கித் தட்டோரமா வரிசையா வெச்சுருவாரு. கொழந்த மாரி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எழுந்து போய், சட்டியில் அவனுக்கென்று விட்டிருந்த கஞ்சியில் கரண்டியால் துழாவி ஒவ்வொரு பூண்டாக எடுத்துப் போட்டாள். திரியைத் தணித்து, ஆறிப்போகாமல் சட்டியை அதன்மேலேயே மூடி வைத்தாள். சொர்ணத்துக்கு நிம்மதியாக இருந்தது. தெய்வமே, இந்தப் பெண்ணை இப்படியே வை என்று எந்தச் சாமி என்றில்லாமல் வேண்டிக்கொண்டாள்.

வெளியே சைக்கிள் சத்தம் கேட்டது. தங்கவேல் உள்ளே வரவில்லை. சொர்ணம் வெளியே போனாள்.

அவன் மழையில் தெருக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறதுக்கு முன்னாலயே..." என்றான். "என்னால முடியாது சொர்ணம். நீ சொல்லு."

எப்படிச் சொல்வது? பயத்துக்குக் கஞ்சி தெரியும் அவளுக்கு. இதற்கு என்ன தெரியும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?" என்றுதான் வந்தது.

ஞானகுமாரி சொர்ணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து ஸ்டவ் திரியை இறக்கினாள். அடுப்பு அணைந்து மண்ணெண்ணெய்ப் புகை எழுந்தது. பூண்டு பொறுக்கிய கஞ்சிச் சட்டியைத் துணியால் பிடித்துச் சொர்ணத்தின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இத எடுத்துகினு போக்கா. இது எங்க ஊட்டு அடுப்புல வெச்சது." குரல் உடைந்தது. "இனிமே உங்க ஊட்லருந்துதான எட்தாரணும்?"

சொர்ணம் சட்டியைத் தொடவில்லை. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தத் தெருவே கேட்க வாய்விட்டு அழுதாள்.