பதினோரு ஓய்வு

வாருங்கள் பெரியோர்களே, தாய்மார்களே! அநீதியைக் காண அயலூர் போக வேண்டாம். இந்த வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றால் போதும்.

ஆறாம் நாள், நண்பகல். வாசலோரம் நாற்காலி போட்டு ஆய்வு மாணவி அமர்ந்திருக்கிறாள். வீட்டுப் பெண்களின் உழைப்பை நேரில் கண்டு குறிப்பது அவள் பணி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் ஒரு கட்டம் நிரம்பும்: வேலை, உணவு, ஓய்வு. "பார், குறுக்கிடாதே. குறுக்கிட்டால் ஆய்வு கெடும்" என்பது பேராசிரியரின் கட்டளை.

இவ்வீட்டின் மூத்த மருமகள் கணவனை இழந்தவள். ஆகவே, எல்லாரும் உண்டு எழுந்த பின் மிஞ்சினால்தான் அவளுக்கு. சமையலை முடித்து இறக்கியவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். மாணவி 'ஓய்வு' என்று குறித்தாள்.

மாமியாரின் இளைய மகன் மாணவியின் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தான். "அம்மா! ஆறு நாள்ல அண்ணி பதினோரு தடவை ஓய்வாம்! படிச்சவங்களே எழுதிட்டாங்க!"

"நான் சொன்னா மாமியார் கொடுமைன்னுவீங்க. இவ உக்காந்து உக்காந்து தரைதான் தேயுது! நாளையிலேருந்து மாடித் துணியையும் இவளே துவைக்கட்டும்" என்றபடி வந்து எட்டிப் பார்த்தாள் மாமியார்.

இருவரும் கூடத்துக்குப் போனார்கள். மூத்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "அக்கா, நான் ஓய்வா உக்காரல. கண்ணு இருட்டுது. ஆறு நாளா நீங்க பாத்துட்டுத்தானே இருக்கீங்க?"

சுருக்கென்றது. மாணவி தாள்களைப் புரட்டினாள். மூத்தவளின் வரிசையில் ஒரு நாள் பகலிலும் 'உணவு' என்ற குறி இல்லை. அதை அவள் முன்பே கண்டிருந்தாள். கட்டுரைக்கு நல்ல சான்று என்று மகிழ்ந்தும் இருந்தாள்! மாமியார் சோற்றைத்தான் மறுத்தாள். இவளோ பசியின் பெயரையே மாற்றி எழுதியவள் அல்லவா?

எழுந்தாள். சமையலறைக்குள் நுழைந்தாள். நிறைந்த பாத்திரத்திலிருந்து தட்டு நிறையச் சோறு எடுத்து மூத்தவளின் கையில் கொடுத்தாள்.

"ஆராய்ச்சிக்கு வந்தவளுக்கு அடுப்பங்கரையில என்னடி வேலை? நாங்களே இன்னும் கை நனைக்கல!" என்று பாய்ந்து வந்தாள் மாமியார்.

"ஆராய்ச்சி கெட்டுப்போச்சும்மா. கெட்டே போகட்டும். நீ சாப்பிடு, தங்கச்சி."

மூத்தவள் மாமியாரைப் பார்த்தாள். பார்த்தபடியே முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மாணவி பதினோரு 'ஓய்வை'யும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'பசி' என்று எழுதினாள். அடியில் ஒரு வரி: 'பார்த்துக்கொண்டே இருந்தவள் நான்.'

உங்கள் வீட்டில் இன்று கடைசியாக உண்ணப்போகிறவள் யார்? தெரியும் உங்களுக்கு. நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? இந்த ஏட்டைக் கீழே வையுங்கள். எழுந்து போய், முதல் தட்டை அவளுக்குப் போடுங்கள்!