கண்ணாடியில் பொட்டு

பெட்டியைப் பிரித்தோம். வைக்கோலுக்குள் ஒரு கண்ணாடிகூட முழுசாக இல்லை. காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து ஆத்தங்குடி வருவதற்குள் வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கியதோ. வண்டிக்காரன் மாட்டைத் திட்டினான். என்னிடம் வேலை பார்க்கும் மருது வண்டிக்காரனைத் திட்டினான். நான் யாரையும் திட்டவில்லை. அலுத்துவிட்டது.

பட்டறை தொடங்கி முதலில் போட்ட பூக்கற்கள் வெடித்தன. அடுத்துப் போட்டவற்றில் உப்புப் பூத்தது. கூட்டுக்கு வந்தவன் விலகிக்கொண்டான். இதற்கு நடுவில், சித்திரையில், என் மனைவி பொன்னழகு விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். பி.ஏ. படித்தவன் சர்க்கார் வேலைக்குப் போகாமல் சிமெண்டைக் குழைக்க உட்கார்ந்தால் இப்படித்தான் என்று ஊர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது. ‘மனம் தளராதே’ என்று கல்லூரி நண்பன் கார்டு போட்டிருந்தான். கிழித்துப் போட்டேன்.

தரையில் பதிக்கும் பூக்கல்லுக்குக் கண்ணாடிதான் உயிர். கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் கழற்ற வேண்டும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும்.

உமையாள் ஆச்சி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான் கல்லா, என் கல்லா என்று மாதக் கடைசியில் சொல்வதாகப் பேச்சு. “எது போட்டாலும் வழுக்கத்தான் போகுது தம்பி. எங்க மாமியா மழைத் தண்ணியில விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்காக. அழகா இருக்கிறதைப் போட்டுட்டுப் போறேன். ஒரு மாதிரிக் கல் கொண்டாங்க” என்றார். இதுவும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். சிவகங்கையில் ஒரு வக்கீல் குமாஸ்தா வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

“மெட்ராசுக்குத் தந்தி அடிங்கண்ணே” என்றான் மருது.

“அடித்தாலும் கண்ணாடி வந்து சேர ரெண்டு மாசம்.”

“அப்ப ஆச்சிகிட்ட எதைக் காட்டுறது? இந்தக் கண்ணாடித் தூளையா?”

வீட்டுக்குப் போனேன். சுவரில் பொன்னழகின் படம். கல்யாணத்துக்குப் பிறகு மதுரையில் எடுத்தது. கழற்றிக் கவிழ்த்து, சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை உருவினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். அளவு போதுமா என்றுதான் தோன்றியது. போதும். ஒரு கல்லுக்குப் போதும்.

கண்ணாடியைக் கழுவி, பட்டறைப் பலகைமேல் வைத்து, மருதுவிடம் வார்த்துவிடச் சொல்லிவிட்டு, ஆச்சி வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மருது கல்லை வார்த்துத் தொட்டியில் போட்டிருந்தான்.

ஊறிய பிறகு எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினோம். பச்சைத் தளம், மஞ்சள் பூ. வெடிப்பில்லை, உப்பில்லை. முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. ஆனால் பூவின் நடுவில் காசு அகலத்துக்குச் சொரசொரவென்று ஒரு வட்டம். அதில் சிவப்பாகக் கறை.

“என்னடா இது?”

மருது தலையைச் சொறிந்தான். “அன்னைக்கு நீங்க அங்குட்டுப் போயிருந்தீகள்ல, ஒங்க மாமியா வந்தாக.”

பொன்னழகின் தாய் அம்மாக்கண்ணு அத்தைதான் எனக்குச் சோறு பொங்கிவைப்பவள். வெள்ளிதோறும் படத்துக் கண்ணாடியில், மகளின் நெற்றி இருக்கும் இடத்தில், சந்தனமும் குங்குமமும் வைப்பாள். சுமங்கலியாகப் போனவளுக்குப் பொட்டு தவறக் கூடாது. கண்ணாடி எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு நினைவில்லை.

“‘எம் மக மூஞ்சியைக் கொண்டாந்து சிமெண்டுக்குள்ள போட்டிருக்காகளே’ன்னு ஒரு பாட்டம் அழுதாக. பெறகு கண்ணாடியில பொட்டு வச்சுக் கும்பிட்டுப் போனாக.”

“துடைக்க வேண்டியதுதானே?”

“அண்ணி நெத்தியில இருக்கிற பொட்டை நான் அழிக்கிறதாக்கும்? என் கை வெளங்குமா? சுத்தித் தொடச்சேன். அந்த எடத்தை மட்டும் விட்டுட்டேன்.”

“அது அண்ணி இல்லடா. கண்ணாடி.”

“அதை ஒங்க மாமியாகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

சித்திரையிலிருந்து வராத கோபம் அப்போது வந்தது. கல்லைத் தரையில் அடிக்கத் தூக்கினேன். ஈரக் கல், ஈரக் கை. பிடி நழுவியது. வழுக்கிக்கொண்டே போன கட்டைவிரல் அந்தப் பொட்டில் போய் நின்றது.

கல்லை இறக்கி வைத்தேன். இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தேன். பச்சையில் வழுக்கியது. பொட்டில் பிடித்தது.

“என்னண்ணே, ஒடைக்கலையா?”

“சும்மா இரு.”

அத்தை அடுப்படியில் இருந்தாள். “சந்தனம் அரைக்க வேண்டும் அத்தை.”

“படத்தை மொட்டையாக்கிட்டு எங்கிட்டயே சந்தனம் கேக்குறீகளாக்கும்?”

“கண்ணாடியில் புள்ளி வைக்க. கோலத்துக்கு வைப்பது மாதிரி, நிறைய.”

பொட்டு இருந்த இடத்தில் கல் வழுக்கவில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். சந்தனக் கல்லை இழுத்துப் போட்டாள். அரைத்தாள். நான் வைத்த புள்ளிகள் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டிப் பார்த்தாள். “இது புள்ளியா, கோழி கழிஞ்சதா? தள்ளுங்க மாப்பிள்ளை.”

அத்தை புள்ளி வைத்து வார்த்த இரண்டாவது கல்லின்மேல் ஆச்சி ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். ஏறி நின்று குதிகாலைத் திருகினார். இன்னொரு முறை திருகினார்.

“பிடிக்குதே! புள்ளியும் அழகாத்தான் இருக்கு. ஆனா பெரிய கூடத்துக்கு வேணாம் தம்பி. அதுக்கு ஜப்பான் கல்லுன்னு எங்க வீட்டுக்காரக ரங்கூன்லேருந்து எழுதிட்டாக. முத்தத்தைச் சுத்தி நாலு பக்கமும் நீங்க போட்டுருங்க.”

ஆள் பார்க்கும் இடம் ஜப்பானுக்கு. மழை படும் முற்றத்து ஓரம் எனக்கு. எரிச்சலாகத்தான் இருந்தது. சரி என்றேன். குமாஸ்தா வேலைக்கு வரவில்லை என்று வக்கீலுக்கு எழுதிப் போட்டேன்.

இந்த முறை மெட்ராசிலிருந்து கண்ணாடிகளை உமியில் புதைத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். முழுசாக வந்தன. அத்தை பட்டறைக்கு வந்து கையை நீட்டினாள்.

“எம் மக கண்ணாடியைக் குடுங்க.”

ஓரத்தில் பச்சைச் சாந்து கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுரண்டியும் போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே சட்டத்தில் பொருத்தி ஆணி அடித்தேன். அவள் பொட்டு வைத்தாள். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு பட்டறைக்கு வந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

“பார்த்துக்கிட்டே நிக்கிறீகளே மாப்பிள்ளை. கண்ணாடியை அடுக்குங்க.”

அடுக்கினேன்.