கார்டை அழித்தது அக்கா இல்லை

நான்தான், உங்கள் வாண்டு. வயது இருபத்து நான்கு ஆனாலும் வீட்டில் இன்னும் அதே பேர்தான். வேலை செய்யும் இடத்தில், லிஃப்டுக்குப் பின்னாலிருக்கும் படியில் உட்கார்ந்து பேசுகிறேன்; நம் குடும்ப குரூப்பில் போட, போன் எழுதிக்கொள்கிறது. கூப்பிட்டுச் சொல்லத் துணிவில்லை.

அக்காவின் போட்டோ ஸ்டுடியோவுக்கு நான் ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கறுப்பு விண்டோவில் ஒரு வார்த்தை தட்டினால், கேமரா கார்டில் உள்ள படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். கார்டில் இருப்பது அப்படியே இருக்கும். போன வாரம் அதை மாற்றினேன். படம் ஏறியதும் கார்டைத் தானே துடைத்துவிடும். அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. புரோகிராமின் ஏதோ ஒரு மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

அக்கா அந்த வார்த்தையை இரண்டு முறை தட்டுவாள் என்பது எனக்குத் தெரியாது. முதலில் முன்னறைக் கம்ப்யூட்டரில், வந்தவர்களுக்குக் காட்ட. காட்டி முடித்ததும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவாள். பிறகு உள்ளறைக் கம்ப்யூட்டரில், பத்திரமாக வைக்க. நேற்று உள்ளே போய்த் தட்டியபோது கார்டு காலி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வந்திருந்த ஒரு குடும்பத்தின் படங்கள். அவர்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டார்கள்.

நேற்று எல்லோரும் போனில் இருந்தோமே, மாமா அவளைக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"கை பாட்டுக்கு அழிக்குது, கண்ணு எங்க போச்சு? தூங்கிட்டா வேலை பார்த்த?"

அம்மாவும் சேர்ந்துகொண்டாள், சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கவனம் பத்தாது என்று. அக்கா பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

"ஆமாம்மா, நான்தான் எதையோ அழுத்தியிருக்கேன். எதை அழுத்தினேன்னுதான் தெரியல."

கார்டு காலி என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்து சொன்னது என்ன தெரியுமா?

"இனிமேலாச்சும் பார்த்துப் பண்ணுக்கா."

"சரிடா தம்பி," என்றாள்.

இதே மாதிரி சொல்லாமல் மாற்றினார்கள் என்று இங்கே ஆபீஸில் யார் யாரையோ கிழி கிழியென்று கிழித்தவன் நான். என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

இன்று காலை சரிசெய்துவிட்டேன். பழைய வார்த்தை இனிப் பழையபடிதான் நடக்கும். துடைக்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்டால்தான் துடைக்கும். போன படங்களுக்கு அது மருந்தாகாது. ஆனால் கார்டில் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்தால், மீட்டுப் பார்க்க வழி உண்டு. கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் குடும்பத்திடம் நானே பேசுகிறேன், அவர்கள் நம்பரை அனுப்புங்கள்.

இதை முதலில் பார்ப்பது யாராக இருந்தாலும், அந்தக் கார்டைக் கேமராவில் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். பிறகு மாமாவும் அம்மாவும் இருக்கும்போது, இதை முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.