ஏர்போர்ட் அபினா

ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை புகைந்ததற்கு, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பெண்பிள்ளை சொந்த வீட்டிலேயே ஒளிந்துகிடக்க வேண்டிவரும் என்று யார்தான் நினைப்பார்கள்? இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் அதுதான் நடந்தது.

அபினா ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனிக்குக் கிளம்பியவள். கல்லூரியில் தேர்வான ஒரே ஆள். ஊர் சும்மா விடுமா? தெருமுக்கில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் அவளை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார். வீடுவீடாகப் போய் யாத்திரை சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனால், சாம்பல் மேகமாம், ஐரோப்பாவுக்கு விமானமே கிடையாதாம். அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு வருத்தமே வரவில்லை. மாதாவே, காப்பாற்றினாய் என்று உள்ளுக்குள் கும்பிட்டாள். போகப் பயமாயிருக்கிறது, போகவே பிடிக்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஃபிளெக்ஸ் வைத்த பிறகு எந்த வாயால் சொல்வது? இனி அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று திரும்பி வரும் வேனிலேயே முடிவு செய்துவிட்டாள்.

அம்மா கிளாராவுக்கோ வேறு கவலை. போன வருஷம் சவுதிக்குக் கிளம்பிய டெல்வினை ஏஜென்ட் ஏமாற்ற, அவன் ஏர்போர்ட்டோடு திரும்பி வந்தான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் ஏர்போர்ட் டெல்வின். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"டிவியில சொல்லுதாங்களே," என்றார் அப்பா இஞ்ஞாசி.

"டிவி வந்து வீடுவீடா சொல்லுமா? எங்கயோ மலை பொகஞ்சதுண்ணு சொன்னா இவங்க நம்புவாங்களா? பிள்ளைக்க பேரு கெட்டுப்போவும். அவ போயாச்சு. அம்புட்டுதான்."

ஊர் உறங்கிய பிறகு, இருட்டோடு இருட்டாக அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்படி ஆரம்பித்தது சிறைவாசம். உள்ளறை ஜன்னலை அடைத்தாயிற்று. சித்திரை வெயிலில் ஓடு கொதித்தது. இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்ள வேண்டும். கொல்லைப்புறக் கக்கூசுக்கு விடியுமுன்னே போய்வந்துவிட வேண்டும். கட்டின பெட்டி கட்டினபடியே கிடக்க, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியாக அவளும் கிடந்தாள். தெருவில் சிநேகிதி ஷீஜா யாருடனோ பேசிச் சிரித்துப் போவது கேட்டது. அவள் இல்லாமலும் ஊர் நன்றாகத்தான் நடந்தது. அதுதான் அவளுக்குச் சகிக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், "மெதுவா பேசு பிள்ளே," என்று சோற்றை வைத்துவிட்டு அம்மா போய்விடுவாள். நின்று முகம்பார்த்துப் பேசுவதே இல்லை. ஏர்போர்ட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், பாஸ்போர்ட் எங்கே என்று கத்திக்கொண்டுதான் நின்றாள். எவ்வளவு கல்நெஞ்சம் என்று அபினா நினைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"மோளு போன் பண்ணினாளா?"

"பண்ணினா மைனி. அங்க பயங்கர குளிராம்."

உள்ளே வியர்த்துக்கொண்டிருந்த அபினாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அவ இல்லாம வீடே வெறிச்சுண்ணு கெடக்குமே, கிளாரா?"

அம்மா அழத் தொடங்கினாள். அடேயப்பா, என்ன நடிப்பு என்று அபினா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அழுகை நிற்கவில்லை. வேளாங்கண்ணி தேற்றத் தேற்ற அது கூடிக்கொண்டே போனது.

"அவளுக்குப் போக மனசே இல்ல மைனி. பெத்தவளுக்குத் தெரியாதா? போவாண்டாம்ணு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பா. எனக்க வாயி சொல்லிருமோண்ணு பயந்துதான் அவளுக்க மொகத்தப் பாக்காம நடந்தேன். என்னப் போல அவளும் இந்தக் கடலையே பாத்துக்கிட்டுக் கெடக்கவா?"

வேளாங்கண்ணி போன பிறகு நெடுநேரம் கழித்து அம்மா முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எப்பிடி, நல்லா நடிச்சேனா?"

கேட்டுவிட்டு, மகளின் வாயையே பார்த்தபடி நின்றாள். எந்த வார்த்தை அதிலிருந்து வந்துவிடுமோ என்று அவளுக்கு அவ்வளவு பயம். அபினாவுக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்திருந்தது. சொன்னால் போதும், அம்மா அந்த நிமிஷமே பெட்டியை அவிழ்த்துவிடுவாள்.

"நல்லா நடிச்சம்மா," என்றாள்.